பம்பைக் கழற்றுமுன் ஒரு பல்பை எரியவிட்டுப் பாருங்கள்

ஒரு கல் குவாரியில் 20 டன் எக்ஸ்கவேட்டர், மண்ணும் கல்லும் தோண்டி அள்ளும் வண்டி. காலையில் ராஜா மாதிரி ஓடும். மதியம் இரண்டு மணிக்கு மேல், பக்கெட் நிறையக் கல்லை அள்ளிப் வண்டியின் நீண்ட கையான பூமைத் தூக்கிக்கொண்டே, மேல்பாகத்தைச் சுழற்றும் ஸ்விங்கைத் திருப்பினால் இன்ஜின் ஆர்பிஎம் அப்படியே அமுங்கும். கருப்புப் புகை தள்ளும். சில நேரம் அணைந்தே போகும். திரும்ப ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காததுபோல் இன்னும் பத்து நிமிடம் வேலை செய்யும். நான் போவதற்குள் டீசல் ஃபில்டர் இரண்டு தடவை மாறியிருந்தது. இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சோதித்திருந்தார்கள். கடைசியில் ஹைட்ராலிக் பம்பையே இறக்கி ஓவர்ஹால் செய்து, லட்சக்கணக்கில் பில் கட்டி, திரும்ப மாட்டியிருந்தார்கள். “பம்பு புதுசு மாதிரி இருக்கு சார், வியாதி மட்டும் போகலை” என்றார் உரிமையாளர்.

அந்த வண்டியின் கதையைப் பிறகு சொல்கிறேன். கரண்டுக்கும் ஆயிலுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் அங்கே எல்லோரும் எங்கே வழுக்கினார்கள் என்பது புரியும்.

நம் ஊரில் இந்த வண்டிக்குப் பொக்லைன் என்று பெயர். அது பிரான்சில் 1927இல் தொடங்கிய ஒரு கம்பெனியின் பெயர். எல் அண்ட் டி அவர்களோடு சேர்ந்து இங்கே தயாரித்த 90சிகே போன்ற வண்டிகள் வழியாக அது நம் பேச்சில் ஒட்டிக்கொண்டது. இப்போது பாதி ஊர் எந்தக் கம்பெனி வண்டியைப் பார்த்தாலும் ஹிட்டாச்சி என்கிறது, அது வேறு கதை. அந்தக் காலத்து வண்டியில் கரண்டுக்கு வேலை குறைவு. ஸ்டார்ட்டர், சார்ஜிங், லைட், ஹார்ன், அவ்வளவுதான். பம்ப் எவ்வளவு ஆயில் தள்ள வேண்டும் என்பதை அதன் தலையில் இருந்த ஸ்பிரிங்கும் ஆயில் பிரஷருமே பார்த்துக்கொண்டன. ஆகவே வண்டி இழுக்கவில்லை என்றால் பம்பையோ வால்வையோ சந்தேகப்படுவது அன்றைக்குச் சரியான வழிதான். வண்டிகள் மாறிவிட்டன, சந்தேகப்படும் பழக்கம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

இன்றைய 20 டன் வண்டியில் ஆப்பரேட்டர் பிடிக்கும் லீவருக்கு அடியில் பெரும்பாலும் இன்னமும் ஆயில்தான் ஓடுகிறது. சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 30 முதல் 40 கிலோ பிரஷர் உள்ள, கட்டளையை மட்டும் கொண்டுபோகும் பைலட் ஆயில் போய் மெயின் வால்வுக்குள் நகரும் உருளையான ஸ்பூலைத் தள்ளும். அந்த ஸ்பூல் திறந்த வழியே 350 கிலோ வரை பிரஷருள்ள மெயின் ஆயில் சிலிண்டருக்குப் போகும். இதற்குப் பக்கத்தில் கண்ட்ரோலர் என்ற அலுமினியப் பெட்டி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. பம்ப் இன்ஜினிடம் எவ்வளவு பலத்தைக் கேட்கலாம், ஸ்விங் பிரேக்கை எப்போது விடலாம், வண்டி நகரும் செயின் ஸ்பீடு எது, ஆயில் பிரஷரின் உச்ச வரம்பான ரிலீஃப் பிரஷரைக் கொஞ்ச நேரம் ஏற்றலாமா என்று முடிவு செய்வது அதன் வேலை. முடிவை ஆயிலுக்குச் சொல்ல அதற்கு ஒரே வழி, கரண்ட் வந்தால் காந்தமாகி வால்வை நகர்த்தும் சொலினாய்டு காயில்தான். கோமாட்சுவின் பிசி200-8இல் இன்ஜின் 110 கிலோவாட். அவ்வளவு பலமும் பம்புக்குள் எந்த அளவுக்குப் போகலாம் என்பதை ஒரு ஆம்பியர் அளவில் ஓடும் கரண்ட் தீர்மானிக்கிறது. டார்ச் லைட்டில் ஓடும் அளவு கரண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சொலினாய்டில் இரண்டு சாதி உண்டு. ஒன்று, திற அல்லது மூடு என்று மட்டும் தெரிந்தது. ஸ்விங் பிரேக், செயின் ஸ்பீடு, லாக் லீவர் எல்லாம் இந்த வகை. காயிலில் பத்துக் கணக்கில் ஓம் இருக்கும், 24 வோல்ட் நேரடியாக வரும். இன்னொன்று விகிதப்படி வேலை செய்வது. கரண்ட் கூடினால் அதற்கேற்பப் பிரஷர் மாறும். இதற்குக் கண்ட்ரோலர் 24 வோல்ட்டை நொடிக்குப் பல தடவை வெட்டி வெட்டி அனுப்பி, சராசரிக் கரண்ட்டைத் தேவையான அளவில் நிறுத்துகிறது. அந்த வெட்டலில் ஸ்பூல் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். அந்த நடுக்கம் வேண்டும், இல்லாவிட்டால் ஸ்பூல் ஒட்டிக்கொள்ளும். இந்த வகைக் காயிலில் ஓம் குறைவு, சிலவற்றில் ஒற்றை இலக்கம்தான். 24 வோல்ட்டை நேராகக் கொடுத்துச் சோதிக்கிறேன் என்று கொஞ்ச நேரம் பிடித்தால் காயில் சூடேறிக் கருகிவிடும். இதைச் செய்துவிட்டு “காயில் ஏற்கனவே போயிருந்தது” என்று சொன்னவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இனி, பலரும் யோசிக்காமல் விடும் விஷயம் ஒன்று. கரண்ட் வராவிட்டால் என்ன ஆகும்? வண்டி மெதுவாகும் என்றுதான் சட்டென்று தோன்றும். பிசி200-8இல் பம்ப் இன்ஜினிடம் கேட்கும் சுழற்று விசையை, அதாவது டார்க்கை, கட்டுப்படுத்தும் பிசி-இபிசி வால்வில் நடப்பது நேர்எதிர். அங்கே கரண்ட் ஏற ஏறப் பம்ப் இன்ஜினிடம் கேட்பது குறையும். கரண்ட் பூஜ்யமானால் பம்ப் முழு வயிற்றோடு உட்கார்ந்து கேட்கும். லேசான வேலையில் ஒன்றும் தெரியாது. பக்கெட் நிறைய லோடு வந்த நொடியில் இன்ஜினால் தாங்க முடியாமல் அமுங்கும். ஆக, ஒரு வயர் அறுந்தால் தெரிவது டீசல் பிரச்சினை மாதிரியே இருக்கும். சர்க்யூட் அறுந்தாலும் சரி, ஷார்ட் ஆனாலும் சரி, கடைசியில் அறிகுறி ஒன்றேதான், ஏனென்றால் ஷார்ட் என்று தெரிந்தால் கண்ட்ரோலரே அந்த லைனை நிறுத்திவிடும். வேறு சில தயாரிப்புகளில் கரண்ட் ஏறினால்தான் ஆயில் ஏறும். அந்த வண்டியில் அதே மாதிரி வயர் அறுந்தால் இன்ஜின் கம்பீரமாக ஓடும், பூம் மட்டும் ஆமை மாதிரி எழும். தன் வண்டி எந்த ரகம் என்று தெரியாமல் அறிகுறியை வைத்துக் கோளாறைச் சொல்வது ஜோசியம்.

எல்லா லீவரும் ஒரே நேரத்தில் செத்துவிட்டால் கதை சுலபம். சீட்டுக்குப் பக்கத்திலுள்ள லாக் லீவர், அதன் அடியிலுள்ள ஸ்விட்ச், ஃப்யூஸ், லாக் சொலினாய்டு, எர்த். அந்தச் சொலினாய்டுக்குக் கரண்ட் வந்தால்தான் பைலட் ஆயில் லீவருக்கே போகும். மண்ணும் வெற்றிலைத் துப்பலும் சேர்ந்து இறுகிய ஸ்விட்சைச் சுத்தம் செய்து வண்டியை ஓடவிட்டதெல்லாம் உண்டு. காயிலில் காந்தம் வருகிறதா என்று பார்க்க மீட்டர்கூட வேண்டாம். ஒருவர் லீவரைப் போட்டு எடுக்க, இன்னொருவர் ஸ்குரு டிரைவர் நுனியைச் சொலினாய்டு முனையில் வைத்தால் இழுக்கும், விடும். பக்கெட் தரையில் இருக்கட்டும், இன்ஜின் ஆஃபில் சாவி மட்டும் ஆனில் இருக்கட்டும், யாரும் மற்ற லீவர்களைத் தொடக் கூடாது. இன்ஜின் நின்றிருந்தாலும், பிரஷரைச் சேமித்து வைக்கும் அக்யூமுலேட்டரில் மிச்சமிருக்கும் பிரஷர் ஒரு தடவை பூமை இறக்கப் போதும்.

சரி, மானிட்டரில் வரும் எரர் கோடு? அதை நம்பலாம், ஆனால் அது என்ன சொல்கிறது என்று சரியாகப் படிக்க வேண்டும். பிசி200-8இல் ஆப்பரேட்டருக்குத் தெரிவது E02 மாதிரிச் சின்னக் கோடு. பிசி-இபிசி பக்கம் கோளாறு என்று அர்த்தம். E03 வந்தால் ஸ்விங் பிரேக் பக்கம். 4ஐ அழுத்திப் பிடித்துக்கொண்டு 1, 2, 3 என்று வரிசையாகத் தட்டினால் சர்வீஸ் மெனு திறக்கும். அங்கே அதே கோளாறு KA அல்லது KB என்று முடியும் ஆறு எழுத்துக் கோடாக இருக்கும். முதல் நாலு எழுத்து எந்த சர்க்யூட் என்பது, கடைசி இரண்டு என்ன வியாதி என்பது. KA என்றால் அறுந்திருக்கிறது, KB என்றால் ஷார்ட். பல கம்பெனிகள் எஸ்ஏஇ ஜே1939 முறையில், கோளாறு எந்த வகை என்று சொல்லும் எஃப்எம்ஐ எண் கொடுக்கும். 3 என்றால் வோல்ட்டேஜ் அதிகம், 4 என்றால் குறைவு, 5 என்றால் கரண்ட் குறைவு அல்லது சர்க்யூட் ஓப்பன், 6 என்றால் கரண்ட் அதிகம் அல்லது எர்த்தில் ஷார்ட். இந்த நாலையும் மனப்பாடம் செய்துகொண்டால் பாதி வேலை மிச்சம்.

கவனியுங்கள், “சொலினாய்டு கெட்டுவிட்டது” என்று இதில் எந்தக் கோடும் சொல்வதில்லை. கண்ட்ரோலருக்கு வெளியே நடப்பது அதற்குத் தெரியாது. இவ்வளவு கரண்ட் அனுப்பினேன், இவ்வளவு ஓடவில்லை, அதுதான் அதற்குத் தெரிந்தது. இடையில் காயில் உண்டு, காயிலின் கனெக்டர் உண்டு, ஹார்னஸ் எனும் வயர்க்கட்டு உண்டு, அது கேபினுக்குள் நுழையும் இடத்திலுள்ள இடைக் கனெக்டர் உண்டு, கண்ட்ரோலரின் பின் உண்டு. கோடில் சொலினாய்டு என்ற வார்த்தையைப் பார்த்ததும் புதுச் சொலினாய்டுக்கு ஆர்டர் போட்டால் ஐந்தில் ஒன்றின் மேல் காசு வைத்த மாதிரி. அதுவும் ஐந்திலேயே கெடுவது குறைவான ஒன்றின் மேல்.

சென்சார் கோடில் இதைவிடப் பெரிய பொறி உண்டு. பிரஷர் சென்சார்கள் பலவற்றுக்கும் கண்ட்ரோலர் 5 வோல்ட் கொடுத்து 0.5 முதல் 4.5 வோல்ட் வரை பதிலாக வாங்குகிறது. பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் 0.5இல் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. பிரஷரே இல்லை என்பதும் வயர் அறுந்துவிட்டது என்பதும் வேறு வேறாகத் தெரிய வேண்டும் அல்லவா? பல வண்டிகளில் அந்த 5 வோல்ட் லைன் பல சென்சார்களுக்குப் பொது. ஒரு சென்சாருக்குள் தண்ணீர் போய் ஷார்ட் ஆனால் லைன் மொத்தமும் விழுந்து, திரையில் ஐந்தாறு கோடு ஒரே நேரத்தில் வரிசை கட்டும். கண்ட்ரோலர் போய்விட்டது என்று பயமுறுத்த இதுவே போதும். அப்படி வந்தால் சென்சார் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே 5 வோல்ட்டைப் பாருங்கள். எதைக் கழற்றியதும் லைன் எழுந்து நிற்கிறதோ அதுதான் ஆள். கண்ட்ரோலர் உண்மையிலேயே செத்துப்போவது அபூர்வம். பாவம், அதிகமாகப் பழி சுமப்பதும் அதுதான்.

இனி அளக்கும் விஷயத்துக்கு வருவோம். மல்டிமீட்டர் பொய் சொல்லாது, ஆனால் நாம் கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லாது. ஒரு ஆன்-ஆஃப் சொலினாய்டுக்கு 24 வோல்ட் வருகிறதா என்று கனெக்டரைக் கழற்றி மீட்டரை வைக்கிறோம். 24.1 என்று காட்டுகிறது. கரண்ட் வருகிறது, காயில்தான் போச்சு என்று முடிவு செய்கிறோம். அந்த லைனில் எங்கேயோ ஒரு பின் பாசி பிடித்து 20 ஓம் தடை போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மீட்டரின் உள்தடை சுமார் ஒரு கோடி ஓம். அதன் வழியே ஓடும் கரண்ட் இல்லாததற்குச் சமம், அதனால் 20 ஓமில் எதுவும் விழாது, முழு 24உம் திரையில் தெரியும். அதே லைனில் 40 ஓம் காயிலை மாட்டியதும் கரண்ட் ஓடத் தொடங்கும். 20 ஓம் பின்னில் 8 வோல்ட் விழுந்து, காயிலுக்கு மிஞ்சுவது 16. வால்வு பாதி திறக்கும், அல்லது திறக்காது.

அதனால்தான் என் டூல்பாக்ஸில் இரண்டு வயர் சால்டர் செய்த ஒரு 24 வோல்ட் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு எப்போதும் கிடக்கும். விலை சொற்பம். கிட்டத்தட்ட ஒரு ஆம்பியர் இழுக்கும். 24.1 காட்டிய அந்தக் கனெக்டரில் இதை மாட்டினால் இழை சோகையாகச் சிவக்கும், அவ்வளவுதான். நல்ல லைனில் கண் கூசும். பல்பு எரியும்போதே மீட்டரைப் பேட்டரி பாசிட்டிவிலிருந்து கனெக்டர் வரை படிப்படியாக நகர்த்திக்கொண்டு போனால் வோல்ட்டேஜ் எந்த இரண்டு இடத்துக்கு நடுவே விழுகிறது என்று தெரிந்துவிடும். எர்த் பக்கமும் இதே மாதிரி. ஒரு நல்ல எர்த்தில் அரை வோல்ட்கூட விழக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பல்புச் சோதனை ஃப்யூஸ் வழியாக வரும் 24 வோல்ட் லைனுக்கு மட்டும்தான். சென்சாரின் 5 வோல்ட்டிலும் கண்ட்ரோலர் நேரடியாக ஓட்டும் லைனிலும் மாட்டிவிடாதீர்கள், உண்மையிலேயே கண்ட்ரோலர் மாற்ற வேண்டி வரும். அந்த லைன்களைப் பல்பால் சோதிக்க வேண்டுமென்றால் இரண்டு முனையையும் கழற்றி, வயரைத் தனியாக்கி, ஃப்யூஸ் போட்ட ஜம்பரால் வெளியிலிருந்து பேட்டரி கொடுத்துச் சோதிக்கலாம். இன்னொன்று, ஊசி முனை டெஸ்ட் லாம்பால் வயரின் தோலைக் குத்திப் பார்க்கும் பழக்கம். அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

காயிலை ஓமில் அளப்பது எளிது, ஆனால் எப்போது அளக்கிறோம் என்பது முக்கியம். செம்புக்கு 10 டிகிரி சூட்டுக்குச் சுமார் 4 சதவீதம் தடை ஏறும். காலையில் 25 டிகிரியில் 10 ஓம் காட்டிய காயில், ஆயில் சூட்டில் 85 டிகிரியானால் 12 ஓமைத் தாண்டும். அது கோளாறு இல்லை. சூட்டில் மட்டும் திடீரென்று ஓப்பன் ஆவதும், பாதியாகக் குறைவதும்தான் கோளாறு. இரண்டு பின்னிலிருந்தும் பாடிக்கு மெகா ஓம் கணக்கில் வர வேண்டும். ஒரே மாதிரிக் காயில் பக்கத்திலேயே இன்னொன்று இருந்தால் இரண்டையும் மாற்றி மாட்டிப் பாருங்கள். கோளாறு கூடவே போனால் காயில், அங்கேயே நின்றால் வயர். கனெக்டரின் தோற்றம் ஒன்றாக இருக்கிறதே என்று ஆன்-ஆஃப் காயிலையும் விகிதக் காயிலையும் மாற்றி மாட்டிவிடாமல் இருந்தால் சரி.

சில ஹார்னஸுக்குள், கரண்ட்டை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோடு ஒளிந்திருக்கும். காயிலை ஆஃப் செய்யும்போது அது திருப்பி உதைக்கும் வோல்ட்டேஜை விழுங்க வைத்தது. அது ஷார்ட் ஆனால் அந்த ஸ்விட்சைப் போடும்போதெல்லாம் ஃப்யூஸ் போகும், காயில் ஓம் மட்டும் சரியாகவே இருக்கும். அறுந்துவிட்டாலோ வேடிக்கை வேறு: சொலினாய்டு விடும் ஒவ்வொரு தடவையும் மானிட்டர் ஒரு கண் சிமிட்டும்.

வயர் ஏன் இவ்வளவு கெடுகிறது? நம் ஊரில் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. கொல்லையில் நிறுத்திய வண்டிக்குள் எலி குடியேறும். சீட்டுக்குப் பின்னால் கண்ட்ரோலர் பக்கம் அதற்குக் கதகதப்பான இடம். வாட்டர் சர்வீஸ் என்ற பெயரில் பிரஷர் தண்ணீரைக் கனெக்டர் மேலேயே அடிப்பார்கள். பாட்டுப் பெட்டிக்கு 12 வோல்ட் வேண்டுமென்று இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் இழுப்பார்கள். அந்தப் பேட்டரி மெல்லப் பட்டினி கிடக்கும், இன்னொன்று ஓவர் சார்ஜில் வேகும், ஸ்டார்ட் செய்யும்போது வோல்ட்டேஜ் சரிந்து கண்ட்ரோலர் உளறும். இன்ஜின் ஓடும்போது சார்ஜிங் 27.5 முதல் 28.5க்குள் இருக்கிறதா, இரண்டு பேட்டரியும் பங்கு சமமாக வைத்திருக்கின்றனவா என்று பார்க்காமல் சொலினாய்டுப் பக்கமே போகக் கூடாது என்பது என் கட்சி. ஃபேன், கூடுதல் லைட், ஜிபிஎஸ் பெட்டி என்று ஒவ்வொன்றுக்கும் வயரைச் சுரண்டி முறுக்கி டேப் சுற்றிய இடங்களை எண்ணிப் பாருங்கள்.

பக்கெட் பல் வெல்டிங் தனி ரகம். எர்த் கிளாம்பைத் தூக்கிப் பின்னால் கவுண்டர்வெயிட்டில் மாட்டிவிட்டு முன்னால் பக்கெட்டில் ராடு வைப்பார்கள். நூறு ஆம்பியருக்கு மேல் கரண்ட் பின், புஷ், ஸ்விங் பேரிங், எர்த் வயர் என்று கிடைத்த வழியெல்லாம் திரும்பும். பேட்டரியைக் கழற்றி, கண்ட்ரோலர் கனெக்டர்களையும் எடுத்துவிட்டு, வெல்டிங் இடத்துக்குக் கைக்கெட்டும் தூரத்தில் எர்த் மாட்டுவதுதான் முறை. பத்து நிமிட வேலைக்கு அவ்வளவு எதற்கு என்று கேட்பார்கள். கண்ட்ரோலர் விலையைச் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

கண்ட்ரோலர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கேன் லைன் வண்டியில் இருந்தால் அதற்குச் சோதனை சுலபம். இரண்டு முறுக்கு வயர், இரண்டு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர். பேட்டரியை ஆஃப் செய்து இரண்டு வயருக்கும் நடுவே அளந்தால் 60 ஓம் வர வேண்டும். 120 வந்தால் எங்கேயோ ஒரு பக்கம் அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஜே1939 என்ற பெயரில் வரும் எல்லா வண்டிக்கும் இதுதான் கணக்கு.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் எல்லாவற்றையும் வயர் மேல் போடும் எலெக்ட்ரீஷியன் ஆகிவிடுவேன். கட்டளை சரியாக வந்தும் ஆயில் கேட்காமல் போவது உண்டு. விகித வால்வின் வாயிலுள்ள சின்ன வலையில் குப்பை அடைத்திருக்கும், ஸ்பூலில் துகள் சிக்கியிருக்கும். இரண்டையும் பிரிக்க ஒரே வழி கரண்ட்டையும் பிரஷரையும் ஒரே நேரத்தில் பார்ப்பது. காயிலோடு தொடராக ஆம்பியர் மீட்டர், வால்வின் வெளிவாயில் பிரஷர் கேஜ். கரண்ட் வரவில்லை என்றால் கேஜைப் பார்க்கவே தேவையில்லை, அது மின்வேலை. கரண்ட் சரி, பிரஷர் தப்பு என்றால் வால்வு. இரண்டும் சரியாக இருந்து பம்ப் கேட்கவில்லை என்றால்தான் பம்ப். மானிட்டரில் தெரியும் கரண்ட்டை மட்டும் நம்பாதீர்கள். பல வண்டிகளில் அது கண்ட்ரோலர் அனுப்ப நினைத்த அளவு, காயிலுக்குப் போய்ச் சேர்ந்த அளவாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இப்போது அந்தக் குவாரி வண்டி. போனதும் ஆப்பரேட்டர் தம்பியிடம் தனியாகக் கேட்டேன். “மானிட்டர்ல ஏதாவது வருமா?” “வரும்ண்ணே. சாவியை ஆஃப் பண்ணிப் போட்டா போயிடும்.” இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. நினைவில் பதிந்திருந்த பழைய கோடுகளைத் திறந்து பார்த்தால், பம்ப் டார்க் சொலினாய்டு சர்க்யூட் ஓப்பன். தேதி தேதியாக இருந்தது. இது கரண்ட் குறைந்தால் இன்ஜினை அமுக்கும் ரகத்து வண்டி. அறிகுறியும் கோடும் அச்சுக்கோத்த மாதிரிப் பொருந்தின.

அப்படியானால் முன்னால் வந்தவர் ஏன் பம்பைக் கழற்றினார்? அவரும் முட்டாள் இல்லை. இந்த மாதிரி வண்டிகளில் சீட்டுக்குப் பின்னால் ஒரு எமர்ஜென்சி ஸ்விட்ச் உண்டு. அதைப் போட்டால் கண்ட்ரோலரை விட்டுவிட்டு, ஒரு ரெசிஸ்டர் வழியே பேட்டரியிலிருந்து நேராக அந்தக் காயிலுக்குக் கரண்ட் போகும். போட்டதும் வண்டி ஒழுங்காக ஓடினால் பம்ப் நல்லது, கோளாறு கண்ட்ரோலர் பக்கம் என்று பத்து விநாடியில் முடிவு. அருமையான சோதனை. அவர் போட்டுப் பார்த்திருக்கிறார், அப்போதும் இன்ஜின் அமுங்கியிருக்கிறது. கண்ட்ரோலரைத் தாண்டியும் சரியாகவில்லை என்றால் பம்ப்தான் என்று முடிவு செய்துவிட்டார்.

விட்டுப்போனது ஒன்றுதான். எமர்ஜென்சி கரண்ட்டும் கடைசி நாலைந்து மீட்டர் அதே வயரில்தான் காயிலுக்குப் போகிறது. அந்தத் துண்டில் கோளாறு என்றால் எந்த ஸ்விட்சைப் போட்டாலும் ஒன்றும் மாறாது.

மூன்று மணிக்கு ஆயில் நன்றாகச் சூடேறிய பிறகு காயிலோடு ஆம்பியர் மீட்டரைச் சேர்த்துவிட்டு, தம்பியைப் பூம் தூக்கச் சொன்னேன். இன்ஜின் அமுங்கிய அதே நொடியில் மீட்டர் பூஜ்யத்துக்கு விழுந்தது. கட்டளை வரவே இல்லை. வண்டியை நிறுத்திச் சூட்டோடு காயிலை அளந்தால் நல்ல ஓம், பாடிக்கு ஒட்டும் இல்லை. பிறகு கண்ட்ரோலர் முனையையும் காயில் முனையையும் கழற்றி, அந்த வயரை மட்டும் தனியாக்கி, பல்பை மாட்டினேன். மங்கலாக எரிந்தது. பம்ப் ரூம் சுவரில் ஹார்னஸ் நுழையும் கிளாம்ப் அருகே கை வைத்து அசைத்ததும் அணைந்தது.

கிளாம்பைக் கழற்றினால் ஒரு கருப்பு டேப் சுற்று. டேப்பைப் பிரித்தால் தோல் முழுசாக, நல்லா இருந்தது. விரலால் தடவினால் ஒரு இடம் மட்டும் கொழகொழவென்று இருந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது ஊசி குத்திய ஓட்டை ஒன்று தெரிந்தது. எப்போதோ ஒருவர் டெஸ்ட் லாம்ப் முனையைக் குத்திக் கரண்ட் பார்த்துவிட்டு, பொறுப்பாக மேலே டேப்பும் சுற்றியிருக்கிறார். அந்த ஓட்டை வழியே தண்ணீர் ஏறியிருக்கிறது. தோலைக் கீறியதும் உள்ளே செம்பு இருந்த இடத்தில் பச்சைப் பொடி கொட்டியது. அதற்கு நடுவே முடி மாதிரி இரண்டு இழை மட்டும் தொட்டும் தொடாமலும். குளிரில் ஒட்டிக்கொண்டிருந்தது, சூடும் அதிர்வும் சேர்ந்தால் விட்டுவிட்டது.

பச்சை ஓடியிருந்த தூரம் வரை இரண்டு பக்கமும் வெட்டி, செம்பு பளபளவென்று தெரிந்த இடத்தில் புது வயர் சேர்த்துக் கிரிம்ப் செய்து, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டுச் சூடு காட்டினேன். அதிரும் இடத்தில் வெறும் சால்டரை நம்புவதில்லை, அதன் விளிம்பிலேயே ஒடியும். கிளாம்ப் பழைய இடத்தில் உரசாதபடி கொஞ்சம் தளர்வாக விட்டுக் கட்டினேன். கோடுகளை அழித்துவிட்டு, “இனிமே எது வந்தாலும் சாவியைத் திருப்பாதே தம்பி, முதல்ல போட்டோ எடு” என்றேன்.

மூன்றே முக்காலுக்கு லோடிங் தொடங்கியது. உரிமையாளர் டீ வாங்கி வரச் சொன்னார், நான் மானிட்டரைப் பார்த்தபடி கேபின் படியிலேயே நின்றேன். நாலு டிப்பர் போயிற்று. ஐந்தாவதுக்குப் பெரிய பாறையாகப் பார்த்துத் தூக்கி, வேண்டுமென்றே சேர்த்து ஸ்விங் அடித்தார் தம்பி. இன்ஜின் சத்தம் லேசாகக் கனத்தது, அமுங்காமல் அப்படியே நிலைத்தது.